வெட்டிய ஓரத்தின் வெள்ளை

நவம்பர் 12, புதன்

மொன்ட்ரியாலுக்கு வெளியே ஒரு பழைய மாளிகையின் நூலகத்தைக் கண்காட்சிக்காக அடுக்குகிறோம். தன் பூட்டனார் அத்தனையும் வாசித்தவர் என்று மாளிகையின் சொந்தக்காரர் சொல்கிறார். அக்காலப் புத்தகங்களில் தாள்கள் மடிந்து மூடியிருக்கும்; வாசிக்கிறவர்தான் கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும். நேற்று நான் பார்த்த தாவரவியல் புத்தகத்தில் ஒரு தாளும் வெட்டப்பட்டிருக்கவில்லை. இன்று எல்லாம் திறந்திருந்தன. பழுப்புத் தாளில் வெட்டிய ஓரம் மட்டும் பளிச்சென்ற வெள்ளை.

கூட வேலை செய்யும் சிவம் அண்ணையிடம் காட்டினேன்.

"மனுசன் நல்லா வாசிச்சிருக்கிறார்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் தன் காரில் என்னை மெட்ரோ நிலையத்தடியில் இறக்கிவிடும்போது, "தங்கச்சி, நாளைக்குப் பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு வாறீரோ? பால் வேண்டாம், நல்ல சாயமா," என்றார்.

அண்ணை தேத்தண்ணி குடிக்கிறவரே இல்லை. அந்த வெள்ளை ஓரத்தைப் பழுப்பாக்கத்தான் கேட்கிறாரா?

பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டேன். ஏன் கழுவினேன் என்றுதான் தெரியவில்லை.