விரலைப் பார்த்து வாசிக்கிறவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய மேடை வீடியோவிலேயே தெரிந்துவிட்டது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னாயாம். நம்பிவிட்டாள். "ஈரத்துல பாத்து நடக்கத் தெரியாதா இவளுக்கு" என்று நேற்றிலிருந்து இந்த வீட்டு பக்கெட்டுகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கெட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

வீடியோவில் எல்லாரும் உன்னைப் பார்த்திருப்பார்கள். நான் உன் புது கிடார்காரரைப் பார்த்தேன். நல்ல சட்டை. நல்ல வலது கை. ஆனால் ஒரு சுரக்கட்டிலிருந்து அடுத்ததற்கு, கார்டு மாறும்போதெல்லாம் குனிந்து தன் இடது கையைப் பார்க்கிறார். நாலு விரலையும் தூக்கி, தேடி, வைக்கிறார். கோழி தானியம் பொறுக்குவதுபோல.

ஃபிளமெங்கோ குதிகாலால் தாளம் தட்டி ஆடும் ஸ்பானிய ஆட்டம்; ஆடுகிறவளுக்கு அதை வாசிப்பவர் அப்படிச் செய்யலாமா? எஃப் கார்டிலிருந்து ஈ கார்டுக்கு இறங்க எல்லா விரல்களையும் தூக்க வேண்டியதே இல்லை. குறுக்கே படுத்திருக்கும் ஆட்காட்டி விரல் மட்டும் எழுந்தால் போதும். மற்ற மூன்றும் தந்தியைத் தொட்டபடியே, அழுத்தத்தை மட்டும் விட்டு, ஒரு கட்டம் பின்னால் சறுக்க வேண்டும். இதற்குக் கண் வேண்டாம். உனக்கு வாசித்த காலத்தில் நான் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பழகினேன். விரல் நுனி வெடித்தது. எதற்கு? கண் உன் காலுக்கு வேண்டும் என்பதற்காக.

உன் வலது முட்டி நழுவுவதற்கு முன் குதிகால் சத்தம் மெலியும். பாதம் லேசாக வெளியே திரும்பும். அதைக் கண்டதும் ஈ-க்கு இறங்கிவிடுவேன். இசை வந்து நிற்கிற இடம் அது; நான் அங்கே இறங்கினால் நீ முடித்தே ஆக வேண்டும். கைதட்டுவார்கள். நீ நின்றுகொண்டிருப்பாய்.

நாம் சேர்ந்து செய்த கடைசி நிகழ்ச்சி முடிந்து, உடை மாற்றும் அறையில், பாடகருக்கும் தையற்கார அம்மாவுக்கும் முன்னால் நீ சொன்னாய்: "இவ ஒரு அவசரக்குடுக்கை. பஸ்ஸைப் பிடிக்கப் போறவ மாதிரி வாசிக்கிறா." தையற்கார அம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

முட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நீ. நான் மூச்சு விடவில்லை. நீ என்னைக் கழற்றிவிட்டாய். நான் ஏன் சீக்கிரம் இறங்கினேன் என்று உனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தால் நீ கல்நெஞ்சக்காரி. தெரியவில்லையென்றால் முட்டாள். எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டில் எதை நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

வீடியோவில் குதிகால் மெலிகிறது. சோபாவில் உட்கார்ந்தபடி, கையில் எதுவும் இல்லாமல், என் இடது கை சறுக்கியது. அவர் குனிந்திருந்தார். எஃப்-லேயே இன்னொரு சுற்று சுற்றினார். அங்கேயே வீடியோவை வெட்டியிருக்கிறாய். அதற்கு மேல் மேடையில் நடந்ததுதான் உன் பாத்ரூம் வழுக்கல்.

அடுத்த மாதமும் மேடை உண்டு என்று அம்மா பெருமையாகச் சொல்கிறாள். அவரிடம் முட்டியைப் பற்றிச் சொல். விரலை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள் என்று சொல். வெட்கமாக இருந்தால் தங்கைக்காரி உளறுகிறாள் என்று என்னைத் திட்டியாவது சொல். முடியாதென்றால் ஆடாதே.

அதுவும் முடியாதென்றால், என் கிடாருக்குப் புதுத் தந்தி போட்டு வைத்திருக்கிறேன்.

எந்த மேடையானாலும் நீ நின்றபடியே முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை