மரியாதைக்குச் சொன்ன வரவேற்பு

இன்று காலை முக்கொம்பு பஸ்ஸிலிருந்து உன் ஊர் நிறுத்தத்தில் இறங்கியதுமே டீசல் புகை மூக்கில் ஏறியது. டேட்டா சென்டரில் ஜெனரேட்டர்களை ஓட்டிப் பார்க்கும் நாள் போலிருக்கிறது. முன்பெல்லாம் அங்கே இறங்கினால் ஈர மண்ணும் வாழைச் சருகும் மணக்கும். நீ தோட்டத்து வரப்பிலிருந்தே கையை ஆட்டுவாய். நீ போய் இது இரண்டாவது கோடை.

கல்லூரியில் எந்த விழாவானாலும் வரவேற்புரை உன்னுடையது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வந்த விருந்தினர் அதற்குத் தகுதியானவர்தானா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். உனக்குப் பிடிக்காத ஆளையும் நீ அழகாக வரவேற்பாய். கேட்டால், "சண்டை போடப் போனாலும் செருப்ப வாசல்லதான்டி விடணும்" என்பாய். பொருளாதாரம் படித்துவிட்டு, கல்யாணமாகி, கொள்ளிடக் கரையில் வாழை வைத்தாய். நான் ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்காரியானேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தருமாமே, அந்தக் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்க உன் தோட்டத்துக்குப் பின்னால் இந்த டேட்டா சென்டர் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்தபோது நீ கேட்டது ஒரே கேள்விதான்: அத்தனை சூட்டையும் எந்தத் தண்ணீரை வைத்து ஆற்றுவார்கள்? அதைக் கேட்கத்தான் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனாய். யார் காது கொடுக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நானும் வந்தேன். நீ மைக்கைப் பிடித்து, அவையோருக்கு வணக்கம் சொல்லி, "வளர்ச்சியை நாங்க வரவேற்கிறோம்" என்று தொடங்கினாய். அதன் பிறகு கிணறு, குடிநீர்க் குழாய், எப்போதும் மங்கி எரியும் தெருவிளக்கு, அவர்களுக்கு மட்டும் தனியாக வரப்போகும் மின்தடம், அரசு விட்டுக்கொடுக்கும் வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். உனக்குப் பின்னால் பேசியவர்களும் அப்படித்தான். நம் பக்கத்தில் மேடையேறினால் முதலில் வரவேற்றுவிட்டுத்தானே குறை சொல்கிறோம்.

பேச்சையெல்லாம் கம்ப்யூட்டரே கேட்டுச் சுருக்கி எழுதிவிடும் என்று அன்று பெருமையாகச் சொன்னார்கள். எழுதியது. பேசிய அனைவரும் திட்டத்தை வரவேற்றனர், சிலர் தண்ணீர் குறித்து விளக்கம் கேட்டனர். அவ்வளவுதான்.

அனைவரும் வரவேற்றனர் என்ற வாக்கியத்தை எடுக்கச் சொல்ல நாம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கேயும் நீ முதலில் வணக்கம்தான் சொன்னாய்.

"நான் வரவேற்கலைங்க."

"வரவேற்கிறோம்னு சொல்லியிருக்கீங்களே மேடம். பதிவுல இருக்கு."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதைக்குன்னு எழுத அதுல இடம் இல்லீங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

திரும்பும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். உன் பஸ் வந்ததும், "வாழ்க்கை பூரா வரவேற்புரைதான் படிச்சேன். இதுக்கும் நான்தான் படிச்சிருக்கேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டடம் வந்தது. அடுத்த கோடையிலேயே உன் கிணற்று மோட்டார் காற்றை இழுத்தது. மழை குறைவு என்றார்கள். மழை குறைந்த வருஷங்களை அந்தக் கிணறு பார்க்காததா? தார் தள்ளிய வாழைகள் நின்ற நிலையிலேயே ஒடிந்து விழுந்தன. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. ஊருக்குக் கிடைத்தது வாசலில் சில காவல்காரர் வேலைகள். நீ கடைசிவரை மனு போட்டுக்கொண்டிருந்தாய், எல்லாவற்றிலும் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி. உன் மாரடைப்புக்கு அவர்கள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நீ போகும்போதும் அந்தப் பதிவில் ஆதரித்தவளாகவே இருந்தாய். இது எனக்குத் தெரியும்.

போன மாதம் இரண்டாவது கட்டடத்துக்கான கூட்டம், அதே மண்டபத்தில். லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் உன் வீட்டுக்காரர் எழுந்தார். "முதல்ல இந்தத் திட்டத்த வரவேற்கிறேங்க" என்றார். நேரே போய் மைக்கை வாங்கினேன். மேடைப் பக்கமே போகாத நான்.

"இது வேண்டாம். இருக்குற தண்ணியையே காணோம்" என்றேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

"படிச்சவங்கதானே, ஒரு வணக்கம்கூட வரல பாருங்க" என்று பின்னால் ஒருவர் சொன்னார். உன் ஊர்க்காரர்தான்.

அனுமதி கிடைத்துவிட்டது. இந்த முறையும் கம்ப்யூட்டர்தான் எழுதியது: ஒருவரைத் தவிர அனைவரும் வரவேற்றனர். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். உன் வரப்பில் நின்று புகையைச் சுவாசித்துவிட்டுத் திரும்பினேன். எங்கு பேச எழுந்தாலும் வேண்டாம் என்பதையே முதல் வார்த்தையாக வைக்கிறேன் இப்போது. உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நீ செய்ததை அல்ல, நீ செய்யாமல் விட்டதை. அவர்கள் எழுதிய அந்த ஒருவரில் நீயும் நானுமாக இருவர் இருக்கிறோம். அதை எழுதவும் அந்தப் பதிவில் இடம் இல்லை.