முதலாளியம்மா வைத்த பை

அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நான் நலம்.

"அந்த வெக்கங்கெட்டவதான் போய்ச் சேர்ந்துட்டாளே, இனிமேலாவது வீடு வந்து சேரு" என்று போனில் சொன்னீர்கள். அவர் என் முதலாளியம்மா. பெண்களின் பட்டுக் கவுனில் ஆண்களுக்கு வைப்பதுபோல் ஆழமான பை வைத்தவர். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைகள் கண்டபடி எழுதின. "கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நிக்கறதுதான் அழகா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கவுனில் இன்னும் பெரிய பை வைத்தார்.

அவர் நினைவுக்காக நடக்கும் கண்காட்சிக்கு நேற்று அந்தக் கவுன்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளியம்மாவின் மகன் வந்தார். "பை தொங்குது, ஷேப்பே போச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டு மூடித் தைச்சிடு. அம்மா பேரு நிக்கணும்ல" என்றார். கத்தரியை நீட்டினேன். "உங்க அம்மா பேர நீங்களே வெட்டுங்க சார்" என்றேன். வேலை போனது. கவலைப்பட ஒன்றுமில்லை, வேறு கடையில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அறையில் பேச்சுத்துணைக்குத் தையல் மிஷின் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிற பேச்சை விடுங்கள். அம்மாவின் அளவு ஜாக்கெட் ஒன்றை அனுப்புங்கள். துவைக்காமல் இருந்தால் நல்லது, அம்மா வாசம் இருக்கும். கடை மூடுவதற்குள் நூல் வாங்க வேண்டும், முடிக்கிறேன்.

புது ஜாக்கெட்டில் உள்பக்கம் பை வைத்து அனுப்புவேன். அம்மாவின் முந்தானை முடிச்சைத் தினமும் அவிழ்த்துப் பார்க்கிற உங்கள் கை அதில் படக்கூடாது.

மகள்