ஞானம்மாளின் வளையல் சிவந்த மத்தியானம்

என் உயிருக்குச் சமமான மச்சம்பி தாணுவுக்கு,

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. உன் நினைவு மலரில் அச்சடிக்க நாலு வரி வேண்டும் என்று உன் மகன் முருகன் கேட்டான். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துப் பாறசாலைத் தபால்காரர் எழுந்து நின்றதை ஊரே கண்டிருக்கிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் தங்கச்சி பகவதியை உனக்குக் கட்டிக் கொடுத்தது நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது. அவள் சுகமாக இருக்கிறாள். உன்னைத் திட்டிய அதே நேரத்துக்கு இப்போது என்னைத் திட்டுகிறாள். முருகன் நெய்யாற்றின்கரைக் கடையில் நகை கழுவ ஒரு மிஷின் வாங்கியிருக்கிறான். பொத்தானை அமுக்கினால் வண்டு மாதிரி முரலுகிறது, அழுக்குப் போய்விடுகிறது. "எலே, உங்கப்பன் நெருப்பையும் திராவகத்தையும் வச்சு செஞ்ச வேலைக்க முன்னால இதெல்லாம் என்னதுலே?" என்று கேட்டேன். "மாமா சொல்லுததுல பாதியக் கழிச்சிட்டு, மிச்சத்தையும் பாதியாக்கணும்னு அப்பா சொல்லியிருக்காரு" என்கிறான். இதுவா பிள்ளைக்கு நீ சேர்த்து வைத்த சொத்து?

ஆனால் இந்த ஒரு கதையை நான் கூட்டாமல் எழுத வேண்டும். முயன்று பார்க்கிறேன்.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மலையாளப் பக்கம் கிடந்த நம் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் போட்டோம், ஊர்வலம் போனோம், அடியும் வாங்கினோம். நான் உண்டியல் குலுக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். அமரவிளைச் சாலையில் பத்து போலீஸ் லாரி நிற்கும். சரி, இரண்டு. பஸ் ஓடாது, கடை திறக்காது. உன் நகைப் பட்டறைக்கு நாகர்கோவிலிலிருந்து வர வேண்டிய திராவகமும் வரவில்லை.

பற்றவைத்த நகை நெருப்பில் கருத்துப்போகும். தண்ணீர் கலந்த கந்தகத் திராவகத்தில் போட்டால் அந்தக் கருப்பு போகும். புதுத் திராவகம் கிடைக்காததால் நீ பழையதிலேயே நகை நகையாக முக்கி எடுத்தாய். ஒவ்வொரு நகையிலிருந்தும் கொஞ்சம் செம்பு இறங்கி, சட்டியில் இருந்த தண்ணீர் நீலமாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் செங்கல் ஊர் மாசிலாமணியின் மகள் ஞானம்மாளுக்குக் கல்யாணம். இறந்துபோன மனைவியின் பழைய பொன்னை உருக்கி, மகளுக்கு ஒரு சங்கிலியும் இரண்டு வளையலும் செய்யச் சொல்லித் தந்திருந்தார். மறுநாள் காலை சர்ச்சில் கல்யாணம். அன்று மத்தியானம் நகையை வாங்க வருவார்.

"மச்சான், இந்தச் சட்டி வெள்ளம் இனி ஆவாது. நான் அமரவிளையில போய் புதுத் திராவகம் கேட்டுப் பாத்துட்டு வாறேன். அதுவரைக்கும் நீரு சட்டியத் தொடப்பிடாது, கேட்டீரா?" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

கேட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்த எனக்குத் தெரியாத தொழிலா? நீ வருவதற்குள் முடித்து வைத்தால் அசந்துபோவாய் என்று நினைத்தேன். சட்டிக்கென்று நீ வைத்திருந்த செம்புக் குறடு கண்ணில் படவில்லை. உலைக்கு வைத்திருந்த இரும்புக் குறட்டால் நகைகளை இறக்கி, குறட்டையும் சட்டியிலேயே விட்டேன்.

எடுத்துப் பார்த்தால், மச்சம்பி, மூன்றும் புதுச் செம்புக் குடம் மாதிரி சிவந்து கிடக்கின்றன! சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வேட்டியில் துடைத்தேன். போகவில்லை. அந்த நேரம் பார்த்து மாசிலாமணி இரண்டு சொந்தக்காரர்களோடு வந்து நின்றார்.

"இது என்னவாக்கும்? நான் தந்தது பொன்னு, இது செம்புல்லியா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "உண்டியல் குலுக்கினவன் நீயில்லியா? எனக்க பெண்டாட்டிக்க பொன்னையும் போராட்டத்துக்குக் குலுக்கிட்டியாலே?"

போலீஸைப் பார்த்துக் கோஷம் போட்ட நான், வளையலை இன்னும் ஒரு தடவை வேட்டியில் துடைத்தேன்.

நீ வந்தாய். கையில் துணி சுற்றிய குப்பி. சட்டியைப் பார்த்தாய், அதில் கிடந்த இரும்புக் குறட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் சொன்னாய்: "பிசகு எனக்கதாக்கும், அண்ணாச்சி. பழைய திராவகத்துல இரும்புக் குறட்டைப் போட்டுட்டேன். இரும்பு பட்டா அதுல கெடக்குத செம்பெல்லாம் நகைமேல ஏறிரும். உள்ள உங்க பொன்னு அப்படியே உண்டு."

"பொறந்ததுலருந்து குறடு பிடிக்குத ஆசாரிக்கு இது தெரியாதோ?"

"தெரியும். இன்னைக்கு மறந்துட்டு."

உரசிக் காட்ட உரைகல்லை எடுத்தாய். "ஒனக்க கல்லு, ஒனக்க கண்ணு. நாளைக்கு சர்ச்சுல இருக்கவங்க கண்ணுக்கு மஞ்சளாத் தெரியண்டாமா? தெரியல்லேண்ணா இந்தப் பக்கத்துல ஒரு குண்டுமணி பொன்னு ஒனக்க கைக்கு வராது பாத்துக்க" என்றார்.

நீ நகைகளை நெருப்பில் வைத்து ஊதினாய். சிவப்பு போய்க் கன்னங்கரேல் என்று ஆயிற்று. மாசிலாமணி தலையில் கையை வைத்துக்கொண்டார். "எலே பாவி, நாளைக்கு எனக்க மவ கையில அடுப்புக்கரியவா மாட்டப்போறா?" நான் நெஞ்சை நிமிர்த்தி உன் பக்கத்தில் நின்றதாக இதுவரை சொல்லியிருக்கிறேன். உண்மையில் வெளியே தென்னை மரத்து மூட்டில் நின்றேன்.

நீ தலையை நிமிர்த்தவில்லை. "கருக்கணும் அண்ணாச்சி. செம்பு வெந்து கருத்தாத்தான் திராவகம் அதைத் தின்னும்." வெள்ளைப் பீங்கானில் முதலில் தண்ணீர், பிறகு துளித்துளியாகப் புதுத் திராவகம். மூங்கில் குச்சியால் நகைகளை இறக்கினாய். கருப்பு கரைந்து, அங்கங்கே சிவப்புத் திட்டு தெரிந்தது. மறுபடி நெருப்பு, மறுபடி திராவகம். மூன்றாவது முறை எடுத்தபோது மஞ்சள்! பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்துக் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தாய். மாசிலாமணி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஆசாரி, வெத்தில உண்டா?" என்று கேட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடையெல்லாம் பூட்டிக் கிடந்த அமரவிளையில் உனக்குத் திராவகம் தந்தது ஒரு மலையாளித் தட்டான். "தமிழனு குடிக்கான் வேணெங்கில் தராம்" என்று, அதாவது தமிழன் குடிப்பதற்கென்றால் தருகிறேன் என்று, கேலி செய்துகொண்டே பின்வாசலைத் திறந்தானாம். அதைச் சொல்லி நீ சிரித்தாய். குறட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று என் பெயரைச் சொல்லியிருந்தால் என்னைத் திருடன் என்று கட்டி வைத்திருப்பார்கள். அதற்காக மறைத்தாய், சரி. பிறகு? பகவதியிடம்கூட ஏன் சொல்லவில்லை? நெருப்பில் வைக்கும் உபாயத்தைச் சொன்னதே நான்தான் என்று கல்யாண வீடுதோறும் அளந்தேனே. பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாயே தவிர, ஒரு தடவை இருமக்கூட இல்லையே. எவ்வளவு பெரிய மனசு உனக்கு!

உன் பதினாறாம் நாளுக்கு ஞானம்மாள் வந்திருந்தாள். நரைத்த தலை, கையில் அதே வளையல்கள். "ஆசாரியப் போல ஒரு கை இனி இல்ல. ஒரே ஒரு தடவதான் பிசகிச்சு, அதுவும் எனக்க கல்யாணத்துக்கு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். பாராட்டித்தான் சொன்னாள். நானும் "மனுசன்தானே" என்று தலையாட்டினேன். உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால்.

மச்சம்பி, மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியோடு ஞானம்மாள் வீட்டுக்குப் போவேன். அவள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இதை என் வாயாலேயே வாசிப்பேன். இடையில் ஒரு லாரிகூடக் கூட்ட மாட்டேன். ஆசாரிக்கு ஒரு தடவையும் கை பிசகவில்லை என்று அவள் சொன்ன பிறகே அந்த வீட்டுப் படி இறங்குவேன். இது சத்தியம்.

சட்டியைத் தொட்டவன்,
உன் பகவதியின் அண்ணன்
வேலப்பன்