மறுமையில் என் வீட்டுக்காரர்

தை மாதம், செவ்வாய் இரவு

இன்று எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்துக்குத் திராட்சை வாங்க ஒரு பெண் வந்தார். பெயர் லேயா. இஸ்ரேலைச் சேர்ந்த யூதர், குமுளிக்குச் சுற்றுலா போகிறவர். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

இவர் கும்பிடுவது கருப்பசாமியை. நான் கிறிஸ்தவள். இயேசுவை ஏற்காதவருக்கு ரட்சிப்பு இல்லை என்றுதான் எங்கள் சபையில் போதிக்கிறார்கள். செத்த பிறகு இவரைப் பார்க்க முடியாதோ என்று கல்யாணமான நாளிலிருந்தே எனக்குப் பயம். பாஸ்டரிடம்கூடக் கேட்டதில்லை. உங்கள் மதத்தில் இவருக்கு மறுமை உண்டா என்று லேயாவிடம் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"இவர் யூதராக வேண்டியதில்லை. நேர்மையாக வாழ்கிற யாருக்கும் வரப்போகும் உலகத்தில் பங்குண்டு என்பார்கள் எங்கள் பெரியவர்கள். அது எப்படி இருக்கும் என்பதில் எங்களுக்குள்ளேயே பல கருத்து உண்டு" என்றார் லேயா.

"அந்தம்மா என்ன சொல்றாக?" என்று இவர் கேட்டார். சொன்னேன்.

ஒரு குலையை நறுக்கி லேயாவிடம் நீட்டியபடி, "எனக்கு அங்கன இடம் இருக்குறது கெடக்கட்டும். நீ இருப்பியா, இல்லையா? அதக் கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் அதைக் கேட்காமல் லேயாவுக்குத் திராட்சையை எடை போட்டுக் கொடுத்தேன்.

சபை சொல்வதை நான் விடவில்லை. இன்றும் இவருக்காக ஜெபித்தேன். ஆனால் இத்தனை வருடமாக இவருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. அது தெரிந்ததில் மனசு நிறைந்து கிடக்கிறது.

"ஏ புள்ள, லைட்ட அமத்து" என்கிறார். அணைக்க வேண்டும்.