சருகு வாரிய இடத்து ஓணான்கள்

ஆனி 2, புதன்

விடியற்காலையிலிருந்தே மேல்காற்று. அடுப்பங்கரை முழுக்க மணல். உளுந்தை எத்தனை தடவை அரித்தாலும் பல்லில் நறநற.

செய்ய வேண்டியவை: தலையணை உறை தைக்க. மிளகாய் காயவைக்க. ஆத்தாவுக்குக் கடிதம், முழங்கால் வலி எப்படி என்று கேட்டு. மண்ணெண்ணெய்க் கூப்பன், இவரிடம் ஞாபகப்படுத்த.

ஒன்றும் செய்யவில்லை.

இன்றைக்கும் ஏமாந்தேன். மத்தியானம் சோவென்று சத்தம். மழை என்று ஓடிப்போய், நேற்றுப் போட்ட சுண்டைக்காய் வற்றலை அள்ளி உள்ளே வைத்தேன். மழையாவது ஒன்றாவது. சவுக்கு மரம் இரைகிறது. இந்தத் தோப்பு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகப் போகிறது, என் காது மட்டும் இன்னும் பொன்னமராவதியை விட்டுக் கிளம்பவில்லை. இவர் வாசலில் நின்று சிரித்தார். "அலமு, மழ வந்தா நான் சொல்றேன். நீ பேசாம இரு" என்றார். பேசாமல் இருப்பதுதான் முடியவில்லை. பேச ஆள் வேண்டுமே. பிள்ளை குட்டி இருந்தால் வேறு. சரி, அது வேண்டாம்.

இவருக்குத் தோப்பு மேஸ்திரி வேலை. காலையில் போனால் சாப்பாட்டுக்கு வருவார், சாப்பிட்டதும் போவார். நான் நான்கு சுவரையும் பார்க்கிறேன்.

ஆனி 3, வியாழன்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனேன். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரையில் மத்தியானம் குடை பிடித்து நிற்கிற பைத்தியம் நான் ஒருத்திதான்.

ஆனால் ஓணான் வருகிற நேரம் அதுதான். சின்ன ஓணான், மணல் நிறம். நின்றால் தெரியாது. ஓடினால் சில சமயம் பின்னங்காலில் எழும்பி மனுஷன் மாதிரி ஓடும், சிரிப்பு வரும். ஆணுக்குத் தாடைக்குக் கீழே ஒரு தோல், மடித்து வைத்திருக்கும். ஏதாவது குச்சி மேல் ஏறி அதை விசிறி மாதிரி விரிக்கும். வெளிறின தோல், நடுவே நீலம், கீழே கொஞ்சம் செம்மஞ்சள். விரிக்கும், மூடும், விரிக்கும். பெண் அங்கிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும், கண்டுகொள்ளாத மாதிரி. எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

கடலோரத்து மேட்டில் இன்னும் சவுக்கு வைக்கவில்லை. அதனால் அங்கே நிறைய. பின்னால் பழைய தோப்புக்குள் ஒன்று கூட இல்லை. சருகு கணுக்கால் ஆழம். கோரைப்பாய் விரித்த மாதிரி மணலே தெரியாது. வெயிலும் இறங்காது. ஓணான் எங்கே வெயில் காயும், எங்கே தோண்டி முட்டையிடும்? போதாததற்கு வல்லூறு. முன்னே இந்த மணலில் அதற்கு உட்கார இடம் கிடையாதாம். இப்போது வரிசையாக உச்சிக்கொம்பு போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்று என் கண்ணெதிரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விசிறி விரித்தபடியே.

மார்கழிக்குள் அந்த மேட்டிலும் கன்று வைக்கப் போகிறார்களாம். இந்த உலகச் சண்டைக் காலத்தில் விறகுக்கு அவ்வளவு கிராக்கி. முதலாளி ஒரு சாண் மணலையும் சும்மா விடமாட்டார்.

ஆனி 4, வெள்ளி

ஆப்பம் கொண்டுவந்தாள் ராக்காயி. வழக்கம்போல் நான்கு, பூவரச இலையில். மீன் இறங்குகிற துறையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள். புருஷன் மலேயாவில். சண்டை வந்த பிறகு சேதி இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். வேறு எல்லாம் பேசுவோம்.

மத்தியானம் அவளைத் தோப்பின் கிழக்குக் கோடியில் பார்த்தேன். புதிதல்ல. மாசக்கணக்காகப் பார்க்கிறேன். மூங்கிலைச் சீவி விரல் மாதிரி விரித்துக் கட்டிய வாருகோல், ஒரு சாக்கு. சருகை வாரி அமுக்கி எடுத்துப் போவாள். முதலாளி உத்தரவுப்படி வெளியாள் தோப்புக்குள் வரக்கூடாது. சருகு மரத்துக்கு எருவாம். தவிரவும் சருகுக்கு வருகிறவர்கள் கிளையை ஒடிக்கிறார்களாம்.

ராக்காயி: "வெறகு வாங்கி ஆப்பம் சுட்டா நான் வெறகத்தேன் திங்கணும். ஆப்பச் சட்டிக்குச் சருகுத் தீதேன் வாகு. சட்டுனு புடிக்கும், சட்டுனு அடங்கும்."

நான்: "இவருக்குத் தெரிஞ்சா?"

ராக்காயி: "நீங்க சொன்னாத்தான தெரியும்."

அவள் வாரின இடம் பாத்தி பாத்தியாக வெறும் மணல். பார்த்தால் அங்கே ஓணான். தோப்புக்குள்ளேயே. ஒன்று வாருகோல் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பின்காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது, முட்டையிட. சந்தோஷத்தில் ராக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஓணானுக்கா இம்புட்டு?" என்றாள்.

ஆனி 6, ஞாயிறு

என் வாயில் மண்.

ராத்திரிச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு. இவர் நல்ல மனநிலையில் இருந்தார். நன்றாக இருக்கிறது என்று அதிசயமாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓணான் கதையை ஆரம்பித்தேன். விசிறி, பின்னங்கால் ஓட்டம், மணலைப் பறித்து முட்டையிடுவது, எல்லாம். அவரும் சிரித்துக்கொண்டு கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு அணை நிற்குமா?

"மேட்டுலதான் இருக்குன்னு நெனச்சேன். தோப்புக்குள்ளயும் இருக்குங்க. கெழக்குக் கோடியில. சருகு இல்லாத எடமாப் பாத்து..."

அவர் கை சோற்றில் நின்றது.

"சருகு இல்லாத எடமா? அங்கிட்டு எப்பிடிச் சருகு இல்லாமப் போச்சு?"

காற்று, என்றேன். ஒரே இடத்தில் மட்டும் காற்று அடிக்குமா என்றார். நான் மோர் ஊற்றினேன். இலைக்கு வெளியே ஊற்றினேன்.

தூக்கமில்லை.

ஆனி 7, திங்கள்

விடிந்ததும் ராக்காயியிடம் சொல்லிவிட ஓடினேன். துறையில் இல்லை. அதற்குள் தோப்புக்குப் போய்விட்டாள். இவரும் போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு வந்தபோது கையில் வாருகோலும் சாக்கும். மூலையில் சாத்தினார். அடித்தீர்களா என்று கேட்டேன். "பொம்பளைய அடிப்பனா" என்று கோபப்பட்டார். திட்டினாராம். இனி கால் வைத்தால் போலீசுக்குச் சொல்வேன் என்றாராம். "எனக்கும் ஆசையா? அடுத்த வாரம் கணக்குப்பிள்ளை வர்றாரு. மொதலாளிக்கு அவருதேன் கண்ணு. இதப் பாத்தார்னா மொத வேலை போறது எனக்கு."

அதுவும் உண்மைதான். அதனால் யாரையும் திட்ட முடியவில்லை. என்னைத் தவிர.

ஆனி 8, செவ்வாய்

ஆப்பம் வரவில்லை.

துறைக்குப் போனேன். பச்சைப் பனைமட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஒரே புகை. கண் சிவந்திருந்தது, புகையாலா தெரியாது. சட்டியில் ஓரம் கருகி நடுவே மாவு. வாங்க வந்தவர் "என்ன ராக்கு, இன்னைக்குக் களியா?" என்றார். என்னைப் பார்த்தாள். "ஆப்பம் இல்ல" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்த ஆளிடம், என் காதில் விழவேண்டும் என்றே: "மேஸ்திரி வீட்டுக்கு வெறகு வண்டியில வரும். அவுகளுக்குப் பொழுது போகணும்ல, பேசத்தேன் செய்வாக."

திரும்பி வந்தேன். வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பதிலும் சரியில்லை.

ஆனி 9, புதன்

நானே வாரினேன். அவள் வாருகோல், அவள் சாக்கு. இவர் வடக்குத் தோப்புக்குப் போனதும். உள்ளங்கை கொப்புளம். சருகு சேலையெல்லாம் ஏறிக் குத்துகிறது. அவள் எப்படி இதைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செய்தாள்? சாக்கை அமுக்கிக் கட்டி, ஆள் இல்லாத நேரம் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மனது கொஞ்சம் அடங்கினது.

தலையணை உறை இன்னும் தைக்கவில்லை.

ஆனி 10, வியாழன்

காலையில் கொல்லைக்கதவைத் திறந்தால் சாக்கு அங்கே. கட்டு அவிழ்க்காமல்.

உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கோபம். எனக்கென்ன, போனால் போகிறாள் என்றும் வந்தது. வீட்டுக்குள் இரண்டு நடை, வெளியே இரண்டு நடை. காற்றும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

மறுபடி வாருகோலை எடுத்தேன். எதற்கு என்று தெரியாது. யாருக்கும் கொடுக்க அல்ல. வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே முதல் வரிசை மரத்தடியில் சும்மா வாரினேன், வாரினேன். குவியலைப் பக்கத்தில் இருந்த பழைய தண்ணீர்க் குழியில் தள்ளினேன். மணல் தெரிந்தது. வெள்ளையாக, சூடாக.

ஆனி 12, சனி

வந்துவிட்டது! வாரின இடத்தில் ஆண் ஒன்று, வேர்முண்டில் ஏறி விசிறி விரிக்கிறது. மேட்டிலிருந்து எப்படித் தெரிந்துகொண்டதோ. சாயங்காலத்துக்குள் பெண் ஒன்று. எனக்கு வாய் திறக்கப் பயம்.

வாய் திறக்கவே வேண்டாம். இவரே பார்த்தார். ஓணானைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார், பிறகு என் கையை.

"யாரு வாருனது?"

"நான்தான்."

"ஒனக்கென்ன கிறுக்கா? நாளக்கழிச்சு கணக்குப்பிள்ளை வர்றாரு. மேஸ்திரி பொண்டாட்டியே சருகு வார்றாள்னு போய்ச் சொன்னா?"

"குழியிலதான் கெடக்கு. எடுத்துப் போட்டுர்றேன்."

"போடு."

போட்டேனா? மாட்டேன் என்று சொல்லவில்லை. செய்யவும் இல்லை. பெண் ஓணான் அங்கே தோண்ட ஆரம்பித்திருக்கிறது. அதன் தலையில் எப்படிச் சருகைக் கொட்டுவது?

ஆனி 14, திங்கள்

கணக்குப்பிள்ளை வந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில். வேட்டியெல்லாம் கரித்தூள், முகத்தில் எரிச்சல். வந்ததும் மோர் கேட்டார். மூன்று டம்ளர். பிறகு தோப்பைப் பார்க்கக் கிளம்பினார். முதல் அடியே அந்த இடம்தான்.

நான் கதவுக்குப் பின்னால். இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"என்னய்யா மேஸ்திரி, இங்க மட்டும் மொட்டையா இருக்கு? சருக யாரு வாருறா?"

இவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. வேலை போனது, பெட்டி கட்ட வேண்டியதுதான், ஆத்தா வீட்டில் என்ன சொல்வது, எல்லாம் அந்த நேரத்துக்குள் நினைத்துவிட்டேன்.

"ஓணானுங்க."

"என்னது?"

"ஓணான் பறிச்ச எடங்க. முட்டையிடக் காலால மண்ணத் தள்ளும். சருகெல்லாம் அப்பிடியே ஒதுங்கிப்போகும். அந்தா, அங்க நிக்குது பாருங்க."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் குழம்பு ஊற்றிச் சொன்ன கதையைத் திருப்பிக் கவிழ்த்துச் சொல்கிறார். அந்த ஓணானாவது ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வேர்முண்டு மேல் நின்று விசிறியை விரித்துக் காட்டிற்று, ஆமாம் நான்தான் என்று. கணக்குப்பிள்ளை குனிந்து பார்த்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர், மணல் ஓணானை எங்கே கண்டார்.

"இத்தினிக்கூண்டு இருந்துக்கிட்டா இவ்வளவும் பறிக்குது?"

"கூட்டமா வருங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அது எதுவும் நிலைக்கவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னார்:

"அப்ப அடிச்சு ஒழிக்கச் சொல்லும். வேரப் பறிச்சா மரம் நிக்குமா? தனியா ஒரு ஆளப் போட்டு அடியும். கூலிய நான் மொதலாளிகிட்டச் சொல்லிக்கிறேன்."

"சரிங்க" என்றார் இவர்.

ஆனி 15, செவ்வாய்

யாரைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். காலையில், மத்தியானம், ராத்திரி. பாயை விரித்துப் படுத்துவிட்டார். எல்லாம் என்னால். முதலில் ராக்காயி, இப்போது அதுகள். நான் நேசம் வைக்கிறது எதையும் என் நாக்கு விட்டுவைக்காது போலிருக்கிறது. நிஜமாகவே ஆள் போடுவாரா? கணக்குப்பிள்ளை மறுபடி வந்து கேட்டால் போட்டேன் என்று காட்ட வேண்டுமே.

மூலையில் இருந்த வாருகோலைக் காணோம். சாக்கையும் காணோம். எடுத்தீர்களா என்றேன். "தூங்கு அலமு" என்றார்.

தூக்கமா வரும்.

ஆனி 16, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. வெயில் ஏறினதும் கொல்லைப்பக்கம் சத்தம், சரக் சரக். ஓடினேன்.

ராக்காயி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் அவள் வாருகோல். மறைந்து இல்லை. பட்டப்பகலில், தோப்பு வாசல் வழியாக வந்து. இவர் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தின் சுற்றளவு அளக்கிற மாதிரி நின்றார்.

ஆண் ஓணான் அவள் காலடிக்கு முன்னால். வேர்முண்டு மேல். ராக்காயி வாருகோலைத் தூக்கினாள். அவளுக்கு என் மேல் இருக்கிற கோபத்துக்கு அடித்தாலும் அடிப்பாள், நான் என்ன சொல்ல முடியும்.

"ராக்கு" என்றேன்.

எட்டு நாளாகப் பேசாதவள் திரும்பினாள்.

"ஓரமா நில்லுங்க. ஒங்க ஓணான அடிக்கத்தேன் கூலிக்கு வந்திருக்கேன்."

வாருகோலை அதன் பக்கத்தில் வைத்து இழுத்தாள். சருகு வந்தது, மணல் தெரிந்தது. அது ஒரு முழம் ஓடி, புது மணலில் நின்று, விசிறியை விரித்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். உச்சிவேளைக்குள் இரண்டு சாக்கு. வாரின இடமெல்லாம் ஓணான் வரத்தான் போகிறது.

இவர் சாப்பிடும்போது சொன்னார்: "ஓணான் ரொம்பப் பெருத்துப்போச்சு. இந்த வேல இப்போதைக்கு முடியாது." முகத்தில் சிரிப்பு இல்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. ஊற்றினேன்.

சாயங்காலம் வாசற்படியில் பூவரச இலை. ஆப்பம். ஓரம் மொறுமொறு, நடுவே பஞ்சு.

வழக்கமாக நான்கு. இன்று மூன்று.