கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தவர்

ஜனவரி 11

தம்பி போன் செய்தான். ஏப்ரலில் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைப் பழுது நீக்கிப் பெரிதாக்கி, நல்ல சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கூடவே தாத்தாவைப் பற்றிக் கிடைக்கிற விவரமெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம். யோசனை அவனுடையது, வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்.

எனக்கும் ஆசைதான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஜனவரி 13

துடைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் படத்தைக் கேட்டேன். ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு அப்பாவே ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். நான் கை வைத்தால் ஆகாது.

தாத்தா போனபோது அப்பாவுக்கு மூன்று வயது. முகம் துளிகூட நினைவில்லை. அவருக்கு அப்பா என்றால் இந்தப் படம்தான். முறுக்கிய மீசை, விறைத்த கழுத்து, கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போல் ஒரு பார்வை. அப்பா இந்த மீசையைப் பார்த்துத்தான் தன் மீசையை வெட்டிக்கொள்கிறார். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை சலூனுக்கே படத்தைத் தூக்கிக்கொண்டு போனாராம். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வணக்கம் இவருக்கு. பிறகுதான் காப்பி.

படத்துக்கு அடியில், தினமும் காலையில் வாங்கும் பாலத்தடிக் கடை ரொட்டியின் காகிதத்தை விரித்தார். அதில் அச்சிட்டிருந்த ரொட்டித் தாத்தா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து வயதில் அவருக்குப் பேனாவால் கண்ணாடி வரைந்துகொண்டே இருப்பேன். “பெரியவர் மூஞ்சில கிறுக்காதே” என்று அப்பா காதைத் திருகுவார். என் பிழைப்பு கண்ணாடிக் கடைதான் என்று அன்றைக்கே முடிவாகியிருக்க வேண்டும்.

படத்தின் பின்னால் மங்கலாக ஒரு ஸ்டூடியோ முத்திரை. துடைத்து மறுபடி மாட்டியாயிற்று.

ஜனவரி 22

தாத்தா தபால்காரர். தலைமை அஞ்சலகத்தின் பதிவறைக்குப் போனேன். அங்கே இருந்த அலுவலர் தலையே நிமிராமல், “எழுபது வருஷத்துக்கு முந்தின ஏடா? எலி தின்னுருக்கும்மா” என்றார்.

அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து வந்து விழுந்தது. மூக்குத் தாங்கியில் ஒரு பக்கம் இல்லை. பையில் எப்போதும் திருப்புளி வைத்திருப்பேன். இரண்டு நிமிட வேலை. கண்ணாடி நிமிர்ந்ததும் ஆளும் நிமிர்ந்தார். “அடுத்த வாரம் வாங்க. தேடி வைக்கிறேன்.”

ஜனவரி 30

கிடைத்துவிட்டது. எலி ஒரு மூலையை மட்டும்தான் ருசி பார்த்திருக்கிறது.

தாத்தாவின் பணிப் பதிவேடு! பதினோரு பக்கம். கையெழுத்துக்குக் கீழே ஒரு சுழி, அப்பா போடுவது போலவே. பணி நேரத்தில் மரத்தடியில் தூங்கியதற்காக ஓர் எச்சரிக்கை. (அப்பா சினிமாக் கொட்டகையில்கூடத் தூங்குவார். பரம்பரைச் சொத்து.) வெள்ளத்தில் தபால் பையைத் தலையில் சுமந்து கரை சேர்த்ததற்கு ஒரு பாராட்டு. அதற்குக் கீழே, “மகன் பிறந்தமைக்காக இரண்டு நாள் விடுப்பு.” அந்த மகன் எங்கள் அப்பா. பதிவறையிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல எனக்காகத் திரும்பிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் அங்க அடையாளம்: “வலது காது மடலின் மேல்பாதி இல்லை. சிறுவயதில் நாய்க்கடி.” நாய் காதைத் தின்ற பிறகும் தபால்காரர் வேலைக்குப் போயிருக்கிறார். என்ன மனுஷன்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 31

முழுக்காது. லென்ஸ் வைத்தும் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 2

தம்பியிடம் சொன்னேன். ஒரு வரியில் பதில். “அந்தக் காலத்துல டச்சப் பண்ணிருப்பாங்கக்கா, விடு.”

எப்படி விடுவது? பதினெட்டு வருடமாக ஊரார் காதைப் பிடித்துத்தான் எனக்குச் சோறு. தூரிகையில் வரைந்த காது எது, பிறவிக் காது எது என்று எனக்குத் தெரியாதா? இது நிழலும் மடிப்பும் உள்ள காது. அப்படியென்றால் இந்த மீசைக்காரர் யார்? எங்கப்பா எழுவது வருஷமா யாருக்கு வணக்கம் வெச்சுக்கிட்டு இருக்கார்? ஐயோ, இதை நான் எந்த வாயால சொல்வேன்.

சொன்னால் சுவரில் ஆணி மட்டும்தான் மிஞ்சும். அப்பாவுக்கு வேறு அப்பா கிடையாது. உண்மையான முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்லவே கூடாது. ஏப்ரல் ஆறு வரை நேரம் இருக்கிறது.

பிப்ரவரி 5

தாத்தாவைப் பற்றி நான் தேடுவதைத் தம்பி உளறிவிட்டிருக்கிறான். “என்ன பாப்பா, ஏதாவது கண்டுபிடிச்சியா?” என்று அப்பா மீசையை நீவிக்கொண்டே கேட்டார். “இன்னும் இல்லப்பா” என்றேன். நாற்பத்தேழு வயதில் பாப்பா. பொய் சொல்லும்போது அந்த வயதுதான் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 9

அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு ஒன்பது வயது மூத்த அக்கா. தாத்தாவின் முகத்தைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர் இவர் ஒருவர்தான். காது சங்கதியை ஆரம்பித்தேன். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அந்தப் படம் எங்கப்பா இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

வெங்காயத் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னார். தாத்தா போன பிறகு, அத்தையின் தாய்மாமா தன் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, கைக்கடக்கமான ஒரு சின்னப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்திருக்கிறார். வாங்கி வந்தது வேறு யாரோ ஒருவருடைய படம்.

“பாத்து வாங்க மாட்டாரா அத்தை?”

“எங்க பாக்கறது? மாமாவுக்கு முழங்கை தூரத்துக்கு அப்பால எல்லாம் மங்கல். கல்யாணம் ஆகற வரைக்கும் கண்ணாடி போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நடுக்கூடத்துல படத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மச்சான் உயிரோட நிக்கிற மாதிரி இல்லியான்னு அழறாரு. அம்மா என்ன சொல்லுவா? ஆமான்னுட்டா.”

“அப்புறமாவது மாத்தியிருக்கலாமே?”

“மாமா ஊருக்குப் போனதும் மாத்தலாம்னுதான் இருந்தா. அதுக்குள்ள உங்கப்பன் நாற்காலி போட்டு ஏறி, அப்பா அப்பான்னு அதுக்கு முத்தம் கொடுத்துட்டான். அதோட அம்மா விட்டுட்டா. தம்பிகிட்ட சொன்னா நாக்கை அறுத்துடுவேன்னு எங்கிட்ட சொன்னா. நான் சொல்லல. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லல.”

எழுபது வருடம் நாக்கைக் காப்பாற்றியிருக்கிறார் அத்தை. வேறு எந்த ரகசியமும் அவரிடம் ஒரு மணி நேரம் தங்கியதில்லை.

ஒரு மனுஷர் கண்ணாடி போட மறுத்ததால் ஒரு குடும்பத்துக்கே ஆள் மாறிவிட்டது. கடையில் இதை எழுதி மாட்ட வேண்டும்.

பிப்ரவரி 20

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

முத்திரையில் இருந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கியவரின் பேரன் நடத்துகிறார். இப்போது பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும். “எங்க தாத்தா காலத்துல தப்பே நடக்காதும்மா” என்று சொல்லிக்கொண்டே பரணிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினார். அந்த வருடம், அந்த மாதம். ஒரே நாளில் இரண்டு பெரிதாக்கல் வேலைகள். முதலாவது தபால்காரர். அதற்கு அடுத்த வரியில் பாலத்தடி ரொட்டிக்கடை முதலாளி, காலமானவர். ஓரத்தில் சிவப்பு மையில், “படம் மாறியதாக ரொட்டிக்கடை மகன் வந்து சண்டை. நாம் ஒப்புக்கொள்ளவில்லை.”

பேரன் தொண்டையைச் செருமினார்.

நான் அந்த வரியில் “ரொட்டிக்கடை” என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ரொட்டித் தாத்தாவுக்குக் கண்ணாடி வரையும்போதெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. வலது பக்கக் கம்பியை மாட்ட இடமே இருக்காது. அச்சு சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, கம்பியைத் தலைமுடிக்குள் இழுத்து விட்டுவிடுவேன்.

வலது காதின் மேல்பாதி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூடியோக்காரர் பயந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு அவருடைய தாத்தாவின் தப்புக்காக எனக்கு இலவசமாகப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அதில் நானும் வேறு யாரோ போலத்தான் இருக்கிறேன்.

அங்கிருந்து பாலத்தடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ரொட்டிக்கடையில் கல்லாவுக்கு மேலே பெரிய படம். ஆயிரம் தடவை அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவள்! மீசை இல்லை. ஒல்லி. எதையோ கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாத முகம், அப்பா சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் வைத்துக்கொள்ளும் அதே முகம். வலது காது பாதி.

கடைக்காரம்மா என் வயதுதான். நான் வாய் திறக்கும் முன்பே, “அவர் எங்க தாத்தா இல்லங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க” என்றார்.

“அப்ப யாரு?”

“யாருக்குத் தெரியும். ஸ்டூடியோவுல மாத்திக் கொடுத்துட்டாங்க. எங்கப்பா போய் சண்ட போட்டும் ஒத்துக்கல. ஆனா இவர மாட்டின வாரத்துலேர்ந்து வியாபாரம் சூடு பிடிச்சிருச்சாம். அப்புறம் யாரு கழட்டுவா? காகிதத்துலயும் போட்டுட்டாங்க. எங்க தாத்தா மூஞ்சி எங்க யாருக்குமே தெரியாது.”

“இவர் எங்க தாத்தாங்க” என்றேன். போனில் மீசைக்காரர் படத்தை எடுத்து நீட்டினேன்.

அந்தம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். “எங்கப்பா மூக்கு” என்றார். “அப்படியே எங்கப்பா மூக்கு.” பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது, எங்கள் இரண்டு பேருக்கும். வரிசையில் நின்ற ஒருவர், ரொட்டி தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டார்.

பிப்ரவரி 21

பெரிய படத்தோடு, மாமா கொடுத்த கைக்கடக்கமான அசலும் மாறி அவர்களிடமே போயிருக்கிறது, உறைக்குள் பத்திரமாக. நாளை பிரதி எடுத்துத் தருகிறார்கள்.

இனி சொல்லியே ஆக வேண்டும்.

மார்ச் 1

சொல்லிவிட்டேன். அத்தையையும் கூட்டி வந்தேன். என் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி வேண்டுமே.

மேசையில் பணிப் பதிவேட்டின் நகலை வைத்தேன், பக்கத்தில் பாலத்தடிப் படத்தின் பிரதியை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் அப்பா தன் அக்காவைப் பார்த்தார்.

“நெசமாக்கா?”

“நெசம்தான்டா. நீ முத்தம் கொடுத்துட்டியே.”

அப்பா என் லென்ஸை வாங்கினார். படத்தின் காதில் விரலை வைத்து அப்படியே இருந்தார். சுவரைப் பார்த்தார், மீசைக்காரரை. தப்புப் பண்ணிட்டேனோ? இந்த வயசுல ஒரு மனுஷன்கிட்டேர்ந்து அப்பாவைப் பிடுங்கிட்டேனோ?

“ஏன் பாப்பா,” என்றார் கடைசியில், “அப்ப நான் தெனமும் காலைல எங்கப்பாவைக் கசக்கிக் குப்பையில போட்டுருக்கேனா?”

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு அப்பா. மீசை துடிக்கத் துடிக்கச் சிரித்துவிட்டு, அதே சிரிப்பில் கொஞ்சம் அழுதார். “எழுவது வருஷமா எங்கூட உக்காந்துதான் சாப்ட்டுக்கிட்டு இருந்துருக்கார்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு சமையலறைக்குப் போய், அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த ரொட்டிக் காகிதம் ஒவ்வொன்றையும் உருவி நீவி அடுக்க ஆரம்பித்தார். டப்பாக்கள் எல்லாம் இப்போது தரையில் இருக்கின்றன.

மார்ச் 2

மீசைக்காரரைக் கழற்றலாமா என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவர் என்ன தப்புப் பண்ணாரு? நான் பரீட்சைக்குப் போறப்ப, வேலைக்குப் போறப்ப எல்லாம் அவர்தான் நின்னு பாத்தாரு. பக்கத்துல இன்னொரு ஆணி அடி.”

அடித்தேன். மீசையும் தொடரும் என்று அறிவிப்பு.

ஏப்ரல் 6

எழுபத்தைந்து. ரொட்டிக்கடை அம்மா குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் தாத்தா இரண்டு வீட்டுச் சுவரிலும், அவர்கள் தாத்தா இரண்டு வீட்டுச் சுவரிலும். அந்தம்மாவின் அண்ணன் அப்பாவின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்ல யாருக்கும் இந்த மீசை வரல. உங்களுக்கு வந்துருக்கு” என்றார். அப்பா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

தம்பி வந்தான், தின்றான், எல்லாம் தன் யோசனைதான் என்று ஊருக்கெல்லாம் சொன்னான். சொல்லட்டும். அத்தை இனி எந்த ரகசியமும் காப்பதில்லை என்று முடிவு செய்து, என் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைச் சபையில் சொன்னார்.

ஏப்ரல் 9

காலையில் நான் எழுந்து வருவதற்குள் அப்பா சாப்பிட்டுவிட்டு நடக்கப் போயிருந்தார். மேசையில் ரொட்டிக் காகிதம் நீவி விரித்து, நான்கு மூலையிலும் கரண்டி வைத்திருந்தது. தாத்தாவுக்குப் பேனாவால் வட்டக் கண்ணாடி வரைந்திருந்தது. வலது பக்கம் கம்பிக்குப் பதிலாக ஒரு நூலை வரைந்து, தலையைச் சுற்றிக் கொண்டுபோய் இடது காதில் முடிச்சுப் போட்டிருந்தது. கச்சிதமான வேலை. எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவில்லை.